காற்றின் முதல் முழம்

பல்லடம் ரோட்டிலிருந்து தெற்கே பிரிகிற மண் தடத்தில், ஒற்றை நிட்டிங் மிஷினை வைத்துக்கொண்டு கூலிக்குப் பனியன் துணி ஓட்டிக் கொடுத்துவந்த பழனாத்தாளின் தகரக் கூரைச் செட்டில், ஆடி பிறந்த மறுவாரம் ஒரு பகலில், கடைசி நூல் கோனின் கடைசி இழையும் தீர்ந்து ஸ்டாண்டில் வெறும் அட்டைக் கூடுகள் மட்டும் நின்றபோது, சிவப்பு விளக்கு எரிந்து தானாக நின்றுவிட வேண்டிய மிஷின் நிற்காமல் ஓடியது.

விளக்கில் கோளாறு இல்லை. மிஷினிலும் இல்லை. ஓடியது, அவ்வளவுதான்.

பழனாத்தாள் அப்போது மிஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த புருஷனுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் பேர் செங்கோடன். காற்றாலையில் ஏணி ஏறி மேலே போய் எண்ணெய் விட்டு, மரை முடுக்கி வருகிற வேலை பார்த்தவன். ஒரு நாள் ஏறினான், ஏணி வழியாகத் திரும்பி வரவில்லை, நேராக வந்துவிட்டான். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை. அந்த ஊரில் கடைக்காரச் செங்கோடன் ஒருவன், மொட்டைச் செங்கோடன் ஒருவன் ஏற்கெனவே இருந்ததால், இவனுக்கு விழுந்த செங்கோடன் என்று பேர் விழுந்தது. கோயில் வரி கேட்க வருகிறவன்கூட வாசலில் நின்று, "விழுந்த செங்கோடன் ஊடு இதுதானுங்களா?" என்றுதான் கேட்பான். கேட்டதும் இவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

"நூல் தீந்துருச்சு," என்றான் செங்கோடன்.

"தெரியுதுங்க மாமா. நிக்கமாட்டேங்குது சனியன்."

போன ஆடியில் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு தகரம் பறந்துபோயிருந்தது. புதுத் தகரம் போடலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் "கெடக்கட்டும்" என்று முடித்துவிடுவான். அந்த ஓட்டை வழியாகத்தான் தூரத்துக் காற்றாலையின் இறக்கை நுனி அவனுக்குத் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். இப்போது அதே ஓட்டை வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்த ஆடிக்காற்று இழை இழையாகப் பிரிந்து இறங்கி, ஸ்டாண்டின் வளையம் வளையமாக நுழைந்து, ஊசிகளின் கொக்கியில் மாட்டி, கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு, மிஷினுக்கு அடியில் குழாய்த் துணியாக இறங்கிச் சுருண்டுகொண்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள். துணிக்கு நிறம் என்று ஒன்றும் இல்லை. சுடுசோற்றின் மேல் ஆவி நடுங்குகிற மாதிரி ஒரு நடுக்கம். அவள் எட்டித் தொட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது.

"துணியில ஓட்டை உளுகாம வருதா?" என்றான் அவன்.

"சுத்தமா வருது."

"அப்பறம் என்ன? ஓடட்டும்."

அந்தப் பக்கத்தில் துணி ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு ஓட்டினால் முதல் முழம் தராசில் ஏறாது. அது வீட்டுக்கு. குழந்தைக்குக் கோவணமோ, சமையலறைக்குக் கரித்துணியோ, ஏதாவது ஒன்று ஆக்கிவிட்டுத்தான் மிச்சத்தை எடை போடுவார்கள். பழனாத்தாள் முதல் முழத்தை வெட்டினாள். குழாய்த் துணி, பக்கத்துத் தையல் வேண்டாம். தோளை மட்டும் ஓவர்லாக் தையலில் ஓட்டி, வெட்டிய கீழ் விளிம்பை மடித்து அடிக்கப் பொறுமையில்லாமல் இழை நுனியில் ஒற்றை முடிச்சுப் போட்டு, புருஷனைத் தூக்கி உட்கார வைத்து, முதுகுப் படுக்கைப் புண்ணில் ஒட்டியிருந்த பழைய பனியனை நனைத்து உரித்துவிட்டு, இதை மாட்டினாள்.

"முதுகு குளுகுளுங்குது," என்றான். சொல்லிக்கொண்டே மேலே போனான்.

கட்டிலை விட்டு ஒரு சாண், ஒரு முழம், மிஷின் உயரம், அதற்கும் மேலே என்று, கால் இரண்டும் காய்ந்த புடலங்காய் மாதிரித் தொங்க, கூரையின் அந்த ஓட்டையைப் பார்த்து அவன் போய்க்கொண்டே இருந்தான். பழனாத்தாள் ரசச்சட்டியைத் தாண்டி ஓடி, ஒரு கையால் அவன் கணுக்காலைப் பிடித்தாள், மறு கையால் பேண்ட்டுக்குக் கோக்கிற நாடாவை உருவி இடுப்பில் கட்டினாள், நாடாவின் மறு நுனியை மிஷின் காலில் முடிந்தாள், அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"கன்னுக்குட்டியாட்டக் கட்டிப்போட்டயே," என்றான் மேலேயிருந்து. வருஷக் கணக்கில் அவன் முகத்தில் வராத சிரிப்பு அது.

"இல்லாட்டிப் போயிருப்பீங்க. போறதுக்குத்தான எந்நேரமும் அந்த ஓட்டையப் பாத்துட்டுக் கெடந்தீங்க?"

சாயங்காலம் துணி எடுக்க வீரக்குமார் வந்தான். பத்துத் தெரு பனியன் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கிற ஆள்; பழனாத்தாளுக்குத் தூரத்துத் தம்பி முறை. உத்தரத்துக்குக் கீழே மிதந்த செங்கோடனைப் பார்த்து, "மாமா, சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டு, நேராகத் தராசுக்குப் போனான். வியாபாரி அப்படித்தான். ரோலைத் தூக்கித் தட்டில் வைத்தான். தட்டு மேலே எழும்பியது. முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது.

"என்னக்கா இது?"

"துணி."

"துணி சரி. எடை எங்க?"

பனியன் துணி முழக்கணக்கில் விற்காது, கிலோக் கணக்கில்தான் விற்கும். பிறந்ததிலிருந்து வீரக்குமார் துணியை நீளமாகப் பார்த்ததே இல்லை, கனமாகத்தான் பார்த்திருக்கிறான். அவன் தலையைச் சொறிந்தான். "கணக்குப்படி பாத்தா இதுக்கு நான் உனக்குத் தரவேண்டியதில்ல. நீதான் எனக்குத் தரோணும்."

"உத்தரத்துல இருக்கற அந்தக் கத்திரிய எடுங்க மாமா," என்றாள் பழனாத்தாள் மேலே பார்த்து.

"சரி, சரி, விடுக்கா. எடைதான? வர வெச்சரலாம்."

ஆனால் அந்த முதல் முழத்துக்கு இருந்த வேகம் மிச்சத்துக்கு இல்லை. முதலில் வந்த காற்று மட்டும்தான் ஆளைக் கொண்டுபோகும். பின்னால் வந்ததெல்லாம் ஒரு சாண் தூக்கும், நின்றுகொள்ளும். ஊருக்கு அந்த ஒரு சாண் போதுமானதாக இருந்தது. அடுத்த வாரத்தில் மிஷின் வைத்திருந்த அத்தனை பேரும் கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றினார்கள். கழற்றிய தகரங்களைப் பழைய இரும்புக்காரன் வாங்கி வாங்கி அவன் கடைக்குப் போகிற வழியே அடைத்துப்போயிற்று. கோன் விற்கிறவன் கோனைப் போட்டுவிட்டு நுங்கு விற்கப் போனான். மிஷின்கள் இரவு பகல் காற்றைக் குடித்துத் துணியைக் கக்கின. கட்டிங் மாஸ்டர்கள் மேஜைமேல் விரித்த துணி எழுந்து நிற்காமல் இருக்க அம்மிக்கல்லை வைத்து வெட்டினார்கள். டெய்லர்கள் ஸ்டூலை எடுத்துவிட்டு மிதந்துகொண்டே தைத்தார்கள். பிசிறு வெட்டுகிற பெண்கள் வெட்டிய பிசிறெல்லாம் கீழே விழாமல் அவர்கள் தலைக்குமேல் பூமாதிரிச் சுற்றியது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைத் தூக்கவில்லை, மூட்டையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஊர் சந்தோஷத்தில் கிறுகிறுத்தது. முட்டி தேய்ந்த கிழவிகள் காற்றுப் பாவாடை கட்டிக்கொண்டு மலைக்கோயில் படியில் ஒரு சாண் மேலாகவே போய் இறங்கினார்கள், இறங்கியதும் இன்னொரு தடவை போனார்கள். பஸ்ஸில் நின்று வருகிறவர்கள் யார் காலையும் மிதிக்காமல் வந்தார்கள். கல்யாண மாப்பிள்ளை மணமேடையில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று ஒரு வீட்டில் சண்டை. அவன் என்ன செய்வான், சட்டை உட்காரவிடவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து தையலில் இருந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிரிக்கெட் ஆடினார்கள், எல்லைக்கோட்டில் நின்று மிதந்துபோனவனைப் பிடிக்க இன்னொரு பந்தயம் நடந்தது. பழனாத்தாள் மாவு வாங்கப் போகும்போது நாடாவை மிஷின் காலிலிருந்து அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொள்வாள். தலைக்குமேல் செங்கோடன் வருவான். அரசமரத்துக் கிளையிலிருந்து காக்கைக்கூட்டை எட்டிப் பார்த்து, "மூணு முட்டை" என்பான். முதுகுப் புண் ஆறி, தோல் இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டு வந்தது. ராத்திரி அவனைப் புரட்டிப் போட அவள் எழுந்திருக்க வேண்டியதில்லை. அவள் இடுப்பு வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஆனாலும் பேர் போகவில்லை. "அதோ பார்றா, விழுந்த செங்கோடன் பறக்கறாரு," என்றார்கள். அதைக் கேட்டதும் மேலே போனவனும் சுவரைத் தேடினான். அங்கே சுவர் இல்லை.

வீரக்குமார் இதற்குள் எடைக்கு வழி கண்டுபிடித்திருந்தான். நொய்யலாற்று மணலைச் சலித்துப் பொடிக்கல் எடுத்து ஒவ்வொரு உருப்படியின் கீழ் மடிப்பிலும் வைத்துத் தைக்கச் சொன்னான். தராசு கீழே இறங்கியது. முள் சரியாக நின்றது. ஊரே பின்பற்றியது. விமானத்தில் போன சரக்கை அந்நிய தேசத்தில் பிரித்து மாட்டியவர்கள் நட்ட கல் மாதிரி நின்றார்களாம். காற்றுச் சட்டை என்றார்களே, கருங்கல் சட்டையா அனுப்பினீர்கள் என்று போன் வந்தது.

"கல்லை எடுத்துருங்கன்னு சொல்லவேண்டியதுதானே," என்றாள் பழனாத்தாள்.

"எடுத்தா எடை போயிருமேக்கா!" என்று அவன் அலறினான். அவனுக்கு அதை எப்படி விளக்க முடியும்? யாராலும் முடியவில்லை.

ஆடி முடியப் போகிறபோது காற்று தீர்ந்தது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. கொடியில் போட்ட துணி காயவில்லை. சாம்பிராணிப் புகை போட்ட இடத்திலேயே நின்றது, தள்ளிவிட்டுப் போகவேண்டியிருந்தது. வேப்பமரம் படத்தில் வரைந்த மாதிரி இருந்தது. தெற்கே ஒரு காற்றாலைகூடச் சுற்றவில்லை. அது சுற்றாததால் கரண்ட் விட்டு விட்டு வந்தது, கரண்ட் இல்லாததால் காற்றைப் பின்னிய மிஷின்களும் நின்றன. பிறகு ஒரு காலையில் உடுமலைப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற காட்டுக்காரர்கள் டிராக்டர் டிராக்டராக வந்து சந்தை மைதானத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றது சிவகாமாத்தாள் என்று ஒரு அம்மாள், கையில் முறம்.

"ஏனுங் வீரக்குமாரு," என்றாள், "களத்துல கம்பு கெடக்குது. தூத்தறதுக்குக் காத்து இல்ல. மேக்கால மேகம் வந்து கணவாயிலயே நிக்குது, தள்ளிவிட ஆளில்ல. எங்க காத்த எடுத்துப் பனியன் தெச்சுப் போட்டுக்கிட்டு, எங்களயே பாத்து 'என்னங்க இப்பிடி வேர்க்குது'ங்கறீங்களே, வாய் கூசலயா?"

வீரக்குமார் ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டு பதில் சொல்லப் பார்த்தான். பிறகு வெட்கப்பட்டு, பாக்கெட்டில் இரண்டு கல்லைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். "பிரிச்சரலாமுங்க அம்மா," என்றான்.

பின்னல் துணியைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. ஆரம்பித்த பக்கமிருந்து இழுத்தால் வராது. கடைசியாகப் பின்னிய வரிசையில் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், சுற்றுச் சுற்றாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஊர் முழுக்க மைதானத்துக்கு வந்தது. டெய்லர்கள் தாங்கள் தைத்த தையலைத் தாங்களே பிரித்தார்கள்; ஓட்டை பார்த்தே கண் பழகிய செக்கிங் பெண்கள் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தார்கள்; கிழவிகள் மட்டும் பாவாடையைத் தர மாட்டேன் என்று ஓரமாக மிதந்தபடி அழுதுவிட்டுப் பிறகு அவர்களே இழுத்தார்கள். கல்லெல்லாம் குவியலாகக் கிடக்க, உஸ் உஸ் என்று காற்று அவிழ்ந்து வந்தது. வேட்டிகளைத் தூக்கியது, டீக்கடை கிளாஸை உருட்டியது, போஸ்டரைக் கிழித்தது.

ஆனால் அது மேலே போகவில்லை. மந்தையை விட்ட கன்று மாதிரி, தெருத் தெருவாக, முழங்கால் உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மேகம் நகரவில்லை. இறக்கைகள் அசையவில்லை.

எல்லோருக்கும் காரணம் தெரிந்தது. முதலில் வந்த காற்றுக்குத்தான் வழி தெரியும். அது செங்கோடன் முதுகில் இருந்தது. கடைசியில் வீரக்குமார்தான் தயங்கித் தயங்கி செட்டுக்கு வந்தான். பழனாத்தாள் வாசலில் கத்திரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா..."

"அந்த வாயத் தொறந்தீன்னா நாக்க வெட்டிருவேன். தம்பியின்னுகூடப் பாக்கமாட்டேன்."

"பழனா," என்று உத்தரத்தடியிலிருந்து குரல் வந்தது. "அவன எதுக்கு வைய்யறே? தரையில விட்டாத் தரையிலதான் திரியும். இதை மேல கொண்டுபோய் விடோணும். இறக்கை ஒசரத்துல."

"நீங்க பேசாதீங்க. புண்ணு இப்பத்தான் காஞ்சிருக்குது."

"காஞ்சிருச்சில்ல? போதும்."

"மறுபடியும் இந்தக் கட்டில்லயே படுக்கோணும், மாமா. பொரட்டிப் பொரட்டிப் போடோணும். எனக்கு இடுப்பு இல்ல." கத்திரியை மடியில் இறுக்கிக்கொண்டாள். "எனக்காகக்கூட வேண்டாமுங்களா?"

அவன் கூரை ஓட்டை வழியாக, நின்றுபோன இறக்கையைப் பார்த்தான். பிறகு சொன்னான். "ஒருக்கா எறங்கிப் பாக்கோணும் புள்ள."

"எறங்கறதா?"

"அன்னிக்கு நான் எறங்கவே இல்லயே. ஏறுனேன். விழுந்துதான வந்தேன்."

பழனாத்தாள் கத்திரியைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். நாடா போதாது என்று கேணிக் கயிற்றை எடுத்துவந்தாள்.

அவன் விழுந்த அதே காற்றாலைக்குத்தான் போனார்கள். அவன் தலைக்குமேலே, அவள் கயிற்றோடு கீழே, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீரக்குமாரும் ஒடிசாப் பையன்களும் பின்னால், அதற்கும் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் டிராக்டர்கள், எல்லோர் காலிலும் சுற்றிக்கொண்டு அந்த அனாதைக் காற்று.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் பழனாத்தாள். "முடிச்ச அவுத்ததும் இழுத்துத் தள்ளாதீங்க. ஒரு சுத்துப் பிரிஞ்சா அதுக்கான கனம் ஒடம்புல ஏறும். நான் கயித்த ஒருக்கா சுண்டுவேன். ஒரு சுண்டுக்கு ஒரு சுத்து. நம்ம மிஷின் ஓடற தாளத்துல சுண்டுவேன். உங்களுக்குத்தான் தெரியுமே."

"வருஷக்கணக்கா அதைத்தான கேட்டுட்டுக் கெடக்கறேன்."

கயிற்றை விட்டாள். அவன் போனான். கோபுரத்துக் கதவு தாண்டி, மின்கம்பி தாண்டி, கழுகு உட்காருகிற உயரம் தாண்டி, அசையாமல் நின்ற இறக்கைக்கு ஒரு பனை தூரம் தள்ளி ஒரு கொக்கு மாதிரி நின்றான். அண்ணாந்து பார்த்த அத்தனை கழுத்தும் வலித்தது. அவள் ஒரு சுண்டுச் சுண்டினாள்.

முடிச்சு அவிழ்ந்தது. முதல் சுற்று உருவிப் போயிற்று. உச்சியில் பிரிந்த காற்றின் முனகல் ஒன்று கேட்டது. அவ்வளவுதான், ஜனங்களின் காலைச் சுற்றிக்கொண்டிருந்த காற்று அந்தக் குரலைக் கேட்டது. கன்று தாயைக் கண்ட மாதிரிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, முந்தானையும் துண்டும் சருகும் புழுதியும் வாரிக்கொண்டு, கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, இறக்கையில் மோத, அந்தப் பெரிய இறக்கை முக்கிக்கொண்டு கால் சுற்று, அரைச் சுற்று, ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

ஊர் கத்திய கத்தலில் மைல் தூரத்து மாடு கட்டை அறுத்துக்கொண்டது. மேலே செங்கோடனுக்கும் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே நூலைப் பிடித்து இழு இழு என்று இழுத்துவிட்டான். விறுவிறுவென்று கீழே வந்தான்.

"ஐயோ, விழுந்துட்டான்!" என்று கூட்டம் கண்ணை மூடியது.

பழனாத்தாள் மூடவில்லை. கயிற்றை வெடுக்கென்று சுண்டினாள். "மாமா! தாளம்!" என்று கத்தினாள். அந்தக் காற்றில் அது அவனுக்குக் கேட்டிருக்காது. கயிறு சொன்னது கேட்டது. அவன் கை நின்றது. அந்தரத்தில் ஆடி நின்றான். அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்து ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. மிஷின் ஓடுகிற ஓட்டத்தைக் காதுக்குள் கொண்டுவந்தாள், அந்த ஓட்டத்தில் சுண்டினாள். டக். ஒரு சுற்று. டக். ஒரு சுற்று. வருஷக்கணக்காக அந்த மிஷினுக்கு அவள் நூல் கொடுத்த அதே சீர், இறுக்காமல், தொய்யவிடாமல். சுற்றுக்குச் சுற்று அவன் கனத்தான், கனத்துக்குக் கனம் இறங்கினான். கழுகு உட்காருகிற உயரத்துக்கு வந்தான், வேப்பமரத்து உச்சிக்கு வந்தான், டிராக்டர் கூரைக்கு வந்தான், பனியன் நெஞ்சுக்கு ஏறி, தோளுக்கு ஏறி, அவன் வயிறு வெயிலில் மின்னியது. மேலே இறக்கை இப்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. மேற்கே மேகம் புறப்பட்டுவிட்டது.

தலைகளின் உயரத்துக்கு வந்ததும் வீரக்குமார் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதே," என்றான் செங்கோடன்.

கூட்டம் ஒதுங்கியது. பழனாத்தாள் இன்னும் ஒரு சுண்டு, இன்னும் ஒன்று. கட்டில் கயிறு லேசாகக் கிறீச்சிட்டது. அவன் படுத்திருந்தான். பிரிக்க மிச்சமில்லை, ஓவர்லாக் ஓட்டிய தோள் பட்டை இரண்டு மட்டும் பிரிய மறுத்து அவன் தோளில் படபடத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"விழுகல," என்றான். "எறங்குனேன்."

"ம்," என்றாள் அவள்.

முதல் சொட்டு அவன் வயிற்றில் விழுந்தது. சிவகாமாத்தாள் முறத்தை அவன் முகத்துக்கு மேலே பிடித்தாள்.

ஊர் தகரங்களைப் பழைய இரும்புக்கடையிலிருந்து திரும்ப வாங்கிக் கூரையை மூடியது. வீரக்குமார் பழையபடி கிலோவுக்குத் துணி எடுத்தான். பழனாத்தாள் அந்த இரண்டு தோள் பட்டைகளையும் சேர்த்துத் தைத்துப் புருஷன் முதுகுக்கு அடியில் போட்டாள். புரட்டும்போது அது கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அவள் இடுப்புக்கு அது போதும். அவள் செட்டில் மட்டும் கட்டிலுக்கு மேலே தகரம் போடவில்லை. நூல் தீர்ந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, மிஷின் நிற்கிறது.

அடுத்த ஆடியில் கோயில் வரிக்குப் புது ஆள் வந்தான். தடத்தின் முனையில், கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கடைக்காரச் செங்கோடனிடம், "விழுந்த செங்கோடன் ஊடு எதுங்க?" என்று கேட்டான்.

"அப்பிடி ஆரும் இங்க இல்லியே," என்றான் கடைக்காரன், தலையைத் தூக்காமல். "எறங்குன செங்கோடன்னு ஒருத்தரு இருக்காரு. நேராப் போங்க. ஒரு தகரம் இல்லாத செட்டு."